உதவித்தொகையோடு பிஎச்.டி.: டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு நடை போனால், வெளிநாட்டுப் படிப்புக்கான விளம்பரப் பலகை நாலைந்தாவது கண்ணில் படும். விமானம், கொடி, கோட்டு போட்டுச் சிரிக்கிற பையன். எதிலும் பிஎச்.டி. என்ற வார்த்தை இருக்காது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நீங்கள் கட்டும் ஃபீஸில் ஒரு பங்குதான் அந்த அலுவலகங்களுக்குக் கமிஷன். ஃபீஸே கட்டாத படிப்பில் அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

கணினி அறிவியலிலும் மின்னணுப் பொறியியலிலும் முழுநேர பிஎச்.டி. என்பது, நல்ல இடமாக இருந்தால், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. இதை விற்க ஆள் இல்லாததால் சொல்லவும் ஆள் இல்லை. நாமாகத் தேடிப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டியது ஏஜென்ட்டிடம் இல்லை, நாலைந்து வருஷம் உங்களோடு வேலை செய்யப்போகிற பேராசிரியரிடம்.

வீட்டில் புரியவைப்பதுதான் முதல் படி. நான் சொன்னபோது அப்பா களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தன வருஷம்டா படிச்சுக்கிட்டே இருப்ப?" என்றார். "மாசம் முப்பத்தேழாயிரம் குடுக்குறாங்கப்பா" என்றேன். கையை நிறுத்திவிட்டு, "படிக்கிறதுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

உள்ளூரில் என்ன கிடைக்கும்

ஐஐடி, என்ஐடி, இந்திய அறிவியல் கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் முழுநேர பிஎச்.டி. உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. இந்த விகிதம் 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் லேப் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது மாதிரியான உதவி வேலைகள் இருக்கும். யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினாலும் இதே தொகைதான், வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்கிய திட்டம். போட்டி கடுமை, ஆனால் 2025 பட்ஜெட்டில் அடுத்த ஐந்து வருஷத்தில் 10,000 பேருக்கு என்று அறிவித்திருக்கிறார்கள்.

உள்ளே போகும் கதவுகள் முக்கியமாக இரண்டு. பி.இ. படித்தவர்களுக்கு கேட் என்ற தேசியப் பொறியியல் தகுதித் தேர்வு. மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். சிஎஸ் (கணினி அறிவியல்), இசி (மின்னணுவியல்), இஇ (மின்பொறியியல்) தாள்களோடு 2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்குமாக டிஏ என்ற தாளும் வந்துவிட்டது. இரண்டாவது கதவு யுஜிசி நெட். எம்.சி.ஏ., எம்.எஸ்சி. படித்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் போவார்கள். கணினி அறிவியலும் மின்னணு அறிவியலும் அதில் தனித்தனிப் பாடங்கள். நாலு வருஷ இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் எடுத்தவர்களும் 2024 ஜூன் தேர்விலிருந்து எழுதலாம் என்று ஆகிவிட்டது. இது நம் பக்கத்தில் இன்னும் பலருக்குத் தெரியாது.

எம்.இ. முடிக்காமல் பிஎச்.டி.யா என்று தயங்குகிறவர்கள் ஐஐடி மெட்ராஸின் எம்.எஸ். ஆராய்ச்சிப் பட்டத்தைப் பாருங்கள். பி.இ.யும் கேட் மதிப்பெண்ணும் வைத்துச் சேரலாம், உதவித்தொகை உண்டு, நன்றாகப் போனால் நடுவிலேயே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளலாம். கோட்பாட்டுக் கணினி அறிவியலில் பைத்தியம் உள்ளவர்களுக்குச் சென்னையிலேயே கணித அறிவியல் நிறுவனமும் சென்னைக் கணிதக் கழகமும் இருக்கின்றன.

அப்புறம், பக்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி பஸ் ஏறினால் துவாக்குடியில் என்ஐடி வாசலிலேயே இறங்கலாம். திருவாரூருக்கு அருகே நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் இருக்கிறது. ஒரு பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி, அரை நாள் அவருடைய ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால், ஆராய்ச்சி என்பது என்ன மாதிரி வேலை என்று பிடிபடும். அங்கே இருக்கிற மாணவர்களோடு டீக்கடையில் பேசுவது அதைவிட மேல்.

ஒரு எச்சரிக்கை. தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி. பதிவு செய்வது நம் பக்கத்தில் ரொம்ப சகஜம். அது தப்பில்லை, ஆனால் அதில் உங்களுக்குக் காசு வராது, நீங்கள்தான் ஒவ்வொரு பருவமும் ஃபீஸ் கட்டுவீர்கள். முழுநேரம் என்று சேர்த்துக்கொண்டு உதவித்தொகை பற்றி வாயே திறக்காத இடங்களும் உண்டு. சேருவதற்கு முன் "மாதம் எவ்வளவு, எத்தனை வருஷம், எந்த நிதியிலிருந்து" என்று மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தனித் தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. தேர்வு பெரும்பாலும் நெட் மதிப்பெண்ணை வைத்துத்தான். வெளிநாடு போக மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அதில் மொத்தம் 125 இடம், பெரும்பகுதி பட்டியலின மாணவர்களுக்கு. ஆனால் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் பாரம்பரியக் கைவினைஞர் பிள்ளைகளும் அதில் சேர்த்தி என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு நாலே இடம்தான். சரி, நாலு என்றாலும் டெல்டாவில் அந்தத் தகுதி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள் இருக்க வேண்டும்.

கடல் தாண்டினால்

எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்கு இல்லை. அமெரிக்காவில் பி.இ. முடித்த கையோடு பிஎச்.டி. சேரலாம். ஐந்து வருஷமோ கூடவோ ஆகும். படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம், பதிலுக்குக் கற்பித்தல் உதவியோ ஆராய்ச்சி உதவியோ. சேர்க்கையைத் துறையின் குழு முடிவு செய்யும். ஒரு விண்ணப்பத்துக்கே 75 முதல் 125 டாலர் வரை ஆவதால், பத்து இடம் போட்டால் ஒரு நல்ல லேப்டாப் விலை போய்விடும். கட்டண விலக்கு கேட்கலாம். துறைக்கு ஒரு மெயில் போட்டால் பல இடங்களில் கொடுக்கிறார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் நாடுகளில் இது நிஜமாகவே வேலைதான். வேலை விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும், ஒப்பந்தம் போடுவார்கள், சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். ஜெர்மனியில் டிவி-எல் இ13 என்ற சம்பள நிலை. முழுப் பணியா முக்கால் பணியா என்பதை விளம்பரத்தில் உற்றுப் பாருங்கள், கைக்கு வருவது அதைப் பொறுத்தது. இங்கெல்லாம் பொதுவாக முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களுக்கு ஒரு விநோத விதி உண்டு: போகிற நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஊரைவிட்டே போகாத நமக்கு அது லாபம்.

பிரிட்டனில் பெரும்பாலும் மூன்றரை வருஷம். கணினி அறிவியலையும் மின்னணுவியலையும் ஒரே துறையாக வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய. யுகேஆர்ஐ என்ற அரசு அமைப்பின் உதவித்தொகை 2025-26-க்கு ஆண்டுக்கு 20,780 பவுண்டு. ஆனால் அந்த நிதியில் சேருகிறவர்களில் வெளிநாட்டவர் 30 சதவீதம் வரைதான். பல்கலைக்கழகமோ கம்பெனியோ தரும் மற்ற இடங்களில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: கட்டணம் "உள்நாட்டு மாணவர் அளவுக்கு மட்டும்" என்று இருந்தால் மீதி உங்கள் தலையில். அந்த மீதி ஒவ்வொரு வருஷமும் பல ஆயிரம் பவுண்டு. மேலே "முழு நிதி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், இது கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

சிங்கப்பூர் நமக்கு அந்நியமில்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானம், ஒவ்வொரு ஊரிலும் அங்கே வேலை பார்த்த ஒரு சித்தப்பா. அங்கே சிங்கா என்ற உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கிறது. கட்டணம் முழுதும் போக மாதம் 2,700 சிங்கப்பூர் வெள்ளியில் தொடங்கும்.

தேடும்போது துறைகளின் தரவரிசையைப் பார்ப்பதைவிட ஆளைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு தலைப்பில் சமீபத்தில் வந்த பத்துக் கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். சிஎஸ்ராங்கிங்ஸ் தளத்தில் பிரிவு வாரியாகப் பேராசிரியர் பெயர்களே கிடைக்கும். இட விளம்பரங்களுக்கு ஐரோப்பா என்றால் யூராக்சஸ் தளம், பிரிட்டன் என்றால் ஃபைண்ட்-ஏ-பிஎச்டி தளம்.

அந்த ஒரு மெயில்

இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். முதல் மாதம் 46 மெயில் அனுப்பினேன். எல்லாம் ஒரே அச்சு: மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில், தங்கள் மேலான வழிகாட்டுதலில். ஒரு மெயிலில் முந்தைய பேராசிரியர் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: "இது எனக்கானது அல்ல என்று நினைக்கிறேன்."

கும்பகோணத்துக்காரர் ஒருவர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராமானுஜன் அப்போது சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர். மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர், கையில் பட்டமில்லை. ஹார்டிக்கு முன்னால் வேறு இரண்டு கணிதவியலாளர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை. ஹார்டிக்குப் போன உறையில் தன்னைப் பற்றிச் சில வரிகள்தான். மற்றதெல்லாம் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டி அவற்றைப் பார்த்துத்தான் பதில் போட்டார். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. உதவித்தொகையோடு ஆராய்ச்சி என்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை.

நமக்குத் தேற்றம் இல்லை. ஆனால் செய்து பார்த்த ஏதாவது ஒன்று இருக்கும். என் கடைசி வருஷ ப்ராஜெக்ட் நெல்லின் ஈரப்பதம் அளக்கும் கருவி. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது டெல்டாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு உலோகத் தகடு, நடுவில் நெல், மின்தேக்கத்தை அளக்கும் ஒரு சில்லு. ஒரே குவியலில் மூன்று இடத்தில் எடுத்தால் 16.4, 17.9, 19.1 என்று காட்டியது. கல்லூரி வைவாவில் அதை ஒளித்து, 16.4 வந்த படத்தை மட்டும் போட்டேன். பிறகு மெயில் எழுதும்போது அந்த மூன்று எண்ணையும் அப்படியே எழுதினேன். நெல் எவ்வளவு இறுக்கமாக விழுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறுகிறது, வெப்பநிலையைத் திருத்திவிட்டேன், இறுக்கத்தைத் திருத்தத் தெரியவில்லை, உங்கள் கட்டுரையில் உள்ள முறை இதற்குப் பொருந்துமா என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில். வேலை செய்யாத பகுதிதான் அவருக்குச் சுவாரஸ்யமாக இருந்தது.

ஆகவே மெயில் இப்படி இருக்கட்டும். யார் நீங்கள் என்று ஒரு வரி. நீங்கள் செய்தது என்ன, எங்கே மாட்டியது என்று மூன்று வரி. அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்த இடம் என்று இரண்டு வரி. அடுத்த சேர்க்கைக்கு நிதியோடு இடம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கும் ஒரு வரி. இரண்டு பக்க பயோடேட்டா பிடிஎஃப். புகழ்ச்சி வேண்டாம். பத்து நாளில் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் முடிவு குழுவின் கையில் என்பதால் மெயிலுக்குப் பதில் வராவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டுமா? இருந்தால் நல்லது. காசு கட்டி மூன்று நாளில் வெளியாகும் ஜர்னல்களில் போட்டால் உதவாது, உபத்திரவம்தான். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, யாரோ வெளியிட்ட ஒரு நல்ல கட்டுரையின் சோதனையை நீங்களே திரும்பச் செய்து, நிரலை எல்லாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். நம் கல்லூரிகளில் "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுர்றேன்" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று கடிதமும் ஒரே நடையில் போனால் வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பதில் நீங்கள் அவரிடம் செய்த வேலையை ஒரு பக்கத்தில் குறிப்பாகக் கொடுத்து, "சார், இதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கறத உங்க பாணியில எழுதுங்க" என்று கேளுங்கள். கல்லூரி மெயில் முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். ஜிமெயில் முகவரியைப் பல பல்கலைக்கழகங்கள் சந்தேகமாகப் பார்க்கும்.

இனிஷியல் தொல்லை

இது தமிழர்களுக்கென்றே வந்த வினை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் செல்வராசு, ஆதாரில் கார்த்திக் எஸ். விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். ஒரு இடத்தில் எஸ் என்றும் இன்னொரு இடத்தில் செல்வராசு என்றும் போட்டால், தேர்வு மதிப்பெண் ஒரு கணக்கிலும் விண்ணப்பம் ஒரு கணக்கிலும் நிற்கும். முதலில் பாஸ்போர்ட் எடுங்கள், அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும் அதே பெயர். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்ணும் சேர்ந்த சான்றுக்கு, கிண்டிக்கு விண்ணப்பிக்க நாள் ஒதுக்குங்கள். ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்தால் சில இடங்களில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதாமலே தப்பிக்கலாம்.

எந்த மாதம் என்ன

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும்போது தேட ஆரம்பியுங்கள். ஆவணியில் கேட் பதிவு திறக்கும். புரட்டாசிக்குள் பேராசிரியர்களுக்கு எழுதிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏன் இந்த ஆராய்ச்சி, ஏன் இந்த இடம் என்று சொல்லும் நோக்க அறிக்கையை எழுதித் திருத்த வேண்டும். நாலு முறையாவது திருத்துங்கள், ஒரு முறையாவது உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். மாசி வாக்கில் கேட் தேர்வு, பங்குனியில் முடிவு, சித்திரை வைகாசியில் ஐஐடி, என்ஐடி நேர்காணல்கள். பிரிட்டன், ஐரோப்பா விளம்பரங்கள் வருஷம் பூராவும் வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அமெரிக்கக் கடைசித் தேதிகளும் நம் புயல் காலமும் ஒன்றாக வருகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபின் எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடி அலைந்தோம். கடைசி நாளில் ஏற்றலாம் என்று இருந்தவர்கள் கதி என்ன? ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். தவிர்க்க முடியாமல் கடைசி நாள் ஆகிவிட்டால் நேரக் கணக்கு இது: அமெரிக்க மேற்குக் கரையில் டிசம்பர் 15 இரவு 11.59 என்றால் நமக்கு 16-ஆம் தேதி பகல் 1.29. கிழக்குக் கரை என்றால் காலை 10.29.

நேர்காணல்

ஐஐடி, என்ஐடியில் பெரும்பாலும் ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், சிஎஸ் என்றால் அல்காரிதம், இசி என்றால் சிக்னல்ஸ். அடிப்படையைத்தான் நோண்டுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "இப்படி யோசிக்கலாமா சார்" என்று பலகையில் ஆரம்பித்தால் மதிப்பு கூடும். வெளிநாட்டு நேர்காணல் ஜூமில் நடக்கும், உங்கள் ப்ராஜெக்ட்டையே துருவுவார்கள். இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை, மெதுவாகப் பேசுங்கள்.

கடிதம் வந்தபின்

அமெரிக்காவிலிருந்து நிதியோடு இடம் வந்து உடனே சொல் என்று அவசரப்படுத்தினால், ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தரும் பொது ஒப்பந்தத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பெரிய இடங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பேராசிரியரிடம் இப்போது இருக்கும் மாணவர் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். பேராசிரியர் எப்படி, சம்பளம் நேரத்துக்கு வருகிறதா, மூத்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள்.

முழு நிதி என்றாலும் கிளம்பும் செலவு உங்களுடையதுதான். பிரிட்டன் போனால் கணினி, மின்னணு ஆராய்ச்சிக்கு ஏடிஏஎஸ் என்ற அனுமதி கேட்பார்கள். இலவசம்தான், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் காசநோய்ப் பரிசோதனை. அதன்மேல் சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுமைக்கும் விசாவோடு சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றரை வருஷப் படிப்பு என்றால் 2,716 பவுண்டுக்கு மேல், அதாவது மூன்று லட்சத்துக்குக் குறையாது. இதைத் திருப்பித் தருவீர்களா என்று கடிதம் வந்த அன்றே பல்கலைக்கழகத்தைக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் தருகிறார்கள், கேட்டவர்களுக்கு.

முதல் உதவித்தொகை எங்கே சேர்ந்தாலும் உடனே வராது. வெளிநாட்டில் வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், இங்கே காகிதங்கள் மேசை மேசையாக நகர வேண்டும். மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் அறை முன்பணத்துக்கும் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பணம் அந்த வருஷத்துச் சம்பா மகசூலிலிருந்து வந்தது. அப்பா அதைக் கடனாகத்தான் கொடுத்தார், நாலாவது மாதத்திலேயே கேட்டும் வாங்கிக்கொண்டார்.